தோலில்லா வாத்தியம்

ஒரு கிறித்தவ இளைஞர் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிடுகிறது. ஒரு கீபோர்டு, ஒரு கிதார், ரிதம் பேட், மூன்று நான்கு குரல்கள். எட்டு அல்லது பத்துப் பாட்டு. கேஸட் காலத்தில் அட்டையில் ஆட்டுக்குட்டியோ விடியலோ இருக்கும், கீழே 'வால்யூம் 1' என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது வருமா வராதா என்று தெரியாதபோதே ஒன்று என்று எண் போட்டுவிடுகிற அந்த நம்பிக்கை எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த ஆல்பங்கள் நம் பக்கங்களில் பேசப்படுவது அரிது. பேச நேர்ந்தாலும் 'மேற்கத்திய மோகம்', 'நுகர்வுப் பண்பாடு' என்கிற இரண்டு சொற்களில் கதை முடிந்துவிடும். அவற்றில் என்ன ஒலிக்கிறது என்று கேட்பதைவிட என்ன ஒலிக்கவில்லை என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கும் என்று தோன்றுகிறது. ஒலிக்காதது தோல். ஆல்பம் முழுக்க ஒரு மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ அதிர்வதில்லை. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருந்து கேட்பவருக்கு இது சாதாரண விஷயமாக இருக்கலாம். ஏலகிரி அடிவாரத்தில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அப்படி இல்லை.

இந்தப் பகுதி தோலால் ஆனது. உப்புத்தோல், சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, பிறகு குரோம், பிறகு ஷூ கம்பெனி என்று பாலாற்றங்கரையின் பொருளாதாரமே தோலின் படிநிலைகளாக வளர்ந்தது. பாலாறு என்னவாயிற்று என்பதை 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. டேனரி முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். குழியில் இறங்கியவர்களில் தலித்துகள் அதிகம். அந்தத் தலித்துகளில் ஒரு பகுதியினர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். ஆறு நாள் தோலைத் தொட்ட கை, ஏழாம் நாள் தோலே இல்லாத வாத்தியத்தைத் தேடிப் போகிறது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கதை கீபோர்டில் ஆரம்பிக்கவில்லை. தமிழ்க் கிறித்தவ இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் வேதநாயகம் சாஸ்திரியாரிடம் (1774-1864) போகவேண்டும். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், வெள்ளாளர். 1820களின் இறுதியில் புதிதாக வந்த இளைய மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய தகராறு வந்தது. மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நான்கைச் சொன்னார்கள்: வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளை ஒன்றாக்கச் சொல்வது, பண்டிகையிலும் சாவிலும் பூவை விலக்குவது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நிறுத்துவது.

இந்தப் பட்டியலை நம் தமிழ்த் துறைகளில் பாதியாக வெட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் எம்.ஏ. படித்தபோதும் அப்படித்தான். தமிழ்ப் பாட்டுக்காக வெள்ளைக்காரனை எதிர்த்த கவி என்று வரும். அதே மூச்சில் சாதிக்காகவும் எதிர்த்தார் என்பது வராது. இரண்டும் தற்செயலாக ஒரு பட்டியலில் சேர்ந்தவை அல்ல. தமிழ்ப் பாட்டு என்று அவர் காத்துநின்றது அரண்மனையிலும் சதிரிலும் புழங்கிய ராக தாளங்களில் அமைந்த கீர்த்தனை. பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்பதும் பாட்டில் எந்த வாத்தியம் உட்காருவது என்பதும் ஒரே ஒழுங்கின் இரண்டு முகங்கள். குறத்தியைப் பிரதிக்குள் கொண்டுவந்து ஆடவைத்தவர், சேரிக்காரர் பக்கத்தில் வந்து உட்காருவதை ஏற்கவில்லை. பிரதிக்குள் இடம் கொடுப்பதும் பெஞ்சில் இடம் கொடுப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ் இலக்கிய வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சை வெள்ளாளர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி ஒழியவில்லை. ஆனால் பாட்டு வென்றது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பெரும் பங்கு சாஸ்திரியாருடையது. அன்றிலிருந்து சபைகளில் இரண்டு நூல்கள் நிலைத்தன: ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு, கர்நாடக மெட்டில் கீர்த்தனை. மூன்றாவது ஒன்று, அதாவது பெரும்பான்மை விசுவாசிகளின் சொந்தப் பாட்டு, நாற்று நடும்போதும் பிள்ளைத் தாலாட்டிலும் சாவிலும் பாடிய பாட்டு, நூலுக்குள் வரவில்லை. அதோடு சேர்ந்து பறையும் வரவில்லை. நடுவில் ஆர்மோனியம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரான்சில் பிறந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கும் வாத்தியமாக மாறி வந்தது அது. தோலும் இல்லை, நரம்பும் இல்லை, யாருடைய குலத்தொழிலும் இல்லை. கீபோர்டுக்கு அதுதான் பாட்டன்.

எங்கள் பக்கத்துச் சபைகள் தஞ்சைச் சபைகள் போலப் பழையவை அல்ல. 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 1895இல் லீப்சிக் மிஷனிலிருந்து கோட்பாட்டுத் தகராறில் வெளியே வந்த ஜெர்மானியர்கள் அமெரிக்க மிசௌரி லூத்தரன்களின் துணையோடு கிருஷ்ணகிரியில் ஆரம்பித்து ஆம்பூர் வாணியம்பாடி வரை வந்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன. சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் சேரிக்காரர்கள். அவர்கள் மதம் மாறியபோது கைவிட்ட பொருள்களில் ஒன்று பறை. மிஷனரியின் சொல்லில் அது பேய் வணக்கத்துக் கருவி. ஊர்க்காரனின் சொல்லில் சாவு மேளம். இந்த இரண்டு சொற்களும் வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்டு ஒரே வாசலில் வந்து நின்று பறையை வெளியே நிறுத்தின. இறையியல் பேச்சு சாதிப் பேச்சுக்குப் போர்வையானது. 'பேய்' என்று சொன்னால் 'பறையன்' என்று சொல்லவேண்டியதில்லை அல்லவா.

இங்கே கொஞ்சம் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வரலாம். 1969இல் லாரி நார்மன் என்கிற இளைஞர் 'அப்பான் திஸ் ராக்' என்ற தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். கிறித்தவ ராக் என்கிற வகைமையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நீளமுடிக்காரன் சர்ச்சுக்குள் எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்ததும் பெரிய கூச்சல். ராக் என்பது சாத்தானின் இசை என்றார்கள். அந்தக் கூச்சலுக்கு உள்ளேயும் ஒரு நிறவெறி இருந்தது. ராக்கின் தாளம் கறுப்பர்களின் தாளம் என்பதுதான் 'சாத்தான்' என்ற சொல்லின் அடியில் ஒளிந்திருந்த செய்தி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வெள்ளை இளைஞன் தனக்குச் சொந்தமில்லாத தாளத்தை ஆசையோடு எடுத்தான். இங்கே நம் இளைஞன் தனக்குச் சொந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட தாளத்திடமிருந்து தப்பிக்கப் பார்த்தான். அதற்கு அவனுக்குக் கிடைத்த வழி அதே ராக், அதே ஸிந்தசைஸர்.

1980 வாக்கில் காஸியோ மலிவான கீபோர்டுகளை உலகச் சந்தையில் இறக்கியது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7. நம் ஊருக்கு அவை சிங்கப்பூர், வளைகுடா போய்வந்தவர்களின் பெட்டியிலும் சென்னை பர்மா பஜாரிலும் வந்து சேர்ந்தன. கேஸட் ஏற்கெனவே வந்துவிட்டது. இந்தியாவில் கேஸட் என்ன செய்தது என்பதை பீட்டர் மானுவேல் 1993இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கிராமபோன் கம்பெனியின் ஏகபோகம் உடைந்தது, சின்னச் சின்ன ஊர்க் குரல்களுக்குச் சந்தை கிடைத்தது. தமிழ்ச் சபைகளில் அதற்கு நல்ல சான்று, கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த எஸ்.ஜே. பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசை. எண் போட்டு எண் போட்டு வந்துகொண்டே இருந்த அந்தக் கேஸட்டுகள், ஞானப்பாட்டுப் புத்தகமே வாங்காத வீடுகளிலும் இருந்தன. 1992இல் 'ரோஜா' வந்தபிறகு கீபோர்டு புரோகிராமிங் என்பது தெருவில் போகிற பையனுக்கும் தெரிந்த வார்த்தையாயிற்று. சபையில் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போவான் என்கிற கனவு ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் வீட்டுக்கு வீடு முளைத்தது.

அந்தச் சின்ன கீபோர்டில் இடதுபக்கம் பட்டன்கள் இருக்கும். ராக், டிஸ்கோ, வால்ட்ஸ், சம்பா. பட்டனை அழுத்தினால் தாளம் தானே ஓடும். அடிக்க ஆள் வேண்டாம். நம் தோழர்கள் இந்த இடத்தில்தான் அடோர்னோவை எடுத்துவருவார்கள்: இசைத் தொழிற்சாலை மனிதனின் கையிலிருந்து தாளத்தைப் பிடுங்கிக்கொண்டது, முன்தயாரிப்பு இசை முன்தயாரிப்பு மனிதனை உருவாக்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பட்டன் ஜமைக்காவில் என்ன செய்தது என்று பாருங்கள். காஸியோ எம்டி-40இல் இருந்த ஒரு ராக் தாளப் பட்டன், 1985இல் கிங் ஜாமியின் கையில் பட்டு வெய்ன் ஸ்மித்தின் 'ஸ்லெங் டெங்' பாட்டாகி, ரெகே இசையின் போக்கையே டிஜிட்டல் பக்கம் திருப்பிவிட்டது. அந்தத் தாளத்தை வடிவமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்கிற ஜப்பானியப் பெண், கம்பெனி ஊழியர். கிங்ஸ்டன் சேரிகளில் அது என்னவாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டனுக்கு என்று ஓர் அர்த்தம் கிடையாது. எந்த விரல் அதை அழுத்துகிறது என்பதில்தான் அர்த்தம்.

சரி, நம் ஊரில் எந்த விரல்?

இரண்டு விரல்கள். ஒன்று, சபையின் மேட்டுக்குடி விரல். அதற்குத் தாளம் வேண்டும், தாளக்காரன் வேண்டாம். ஜாக் அத்தாலி 1977இல் எழுதிய 'சத்தம்' நூலில், எது இசை எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் முதல் வேலை என்கிறார். நம்மிடம் அந்தப் பிரிப்பு ஒலியில் நிற்காமல் ஒலிப்பவன் உடம்பு வரை போகிறது. ஆறெட்டுத் தாளத்தைக் கீபோர்டில் ஓட்டினால் துதி. அதையே ஒருவன் வட்டத் தோலில், வைக்கோல் தீயில் காய்ச்சி, குச்சியால் அடித்தால் இழவு.

இன்னொரு விரல் காலனிப் பையனுடையது, பெண்ணுடையது. இதைப் பற்றித்தான் நம் செயல்பாட்டாளர்கள் யோசிப்பதில்லை. பறையை அடிக்கமாட்டேன் என்று சொன்னது இருபதாம் நூற்றாண்டுத் தலித் போராட்டங்களில் முக்கியமான ஒன்று. ஊர்ச் சாவுக்கு மேளம் அடிக்கமாட்டோம், செத்த மாடு தூக்கமாட்டோம் என்று சொன்னதற்காக உதை வாங்கிய கிராமங்கள் வட ஆர்க்காட்டிலும் உண்டு. கோலார் தங்கவயலுக்கு இந்தப் பக்கத்து மக்கள் கிளம்பிப் போனதில் கூலி மட்டும் காரணமில்லை. தோளில் மேளம் இல்லாமல் தெருவில் நடக்கலாம் என்பதும் ஒரு காரணம். அப்படி மேளத்தை இறக்கிவைத்தவரின் பேத்தி தவணையில் வாங்கிய கீபோர்டின் முன் நின்று சபையில் வாசிக்கிறாள். பாட்டன் என்ன வாசித்தான் என்று அந்த வாத்தியம் கேட்பதில்லை. பெண்ணுக்குக் கூடாது என்று அதற்கு ஒரு சாஸ்திரமும் கிடையாது. அவளிடம் போய், 'அம்மா, இது ஏகாதிபத்திய வாத்தியம், உன் வேர் பறை, அதை எடு' என்று சொல்வதற்கு நமக்கு என்ன தகுதி? தொண்ணூறுகளில் தலித் பண்பாட்டு எழுச்சி பறையை விடுதலைக் கருவியாக்கியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய காரியம். ஆனால் விரும்பி எடுப்பதும் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் ஒன்றாகுமா?

இந்தச் சிக்கலை உள்ளேயிருந்து பார்த்தவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்'. 1986இல் நாட்டார் வழக்காறு பற்றி அவர் எழுதிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. கர்நாடக மெட்டுக் கீர்த்தனை பார்ப்பனிய ஒழுங்கைச் சபைக்குள் சுமந்துவருகிறது, மேலைப் பாட்டு காலனியத்தைச் சுமந்துவருகிறது, நாட்டார் இசையோ பாடுகிறவர் எவரும் மாற்றிக்கொள்ளக்கூடியது, ஆகவே அதுதான் ஒடுக்கப்பட்டோரின் இறையியலுக்கு ஏற்ற பாத்திரம் என்பது அவர் வாதம். பேசியதோடு நிற்கவில்லை. முழு ஆராதனையையும் கிராமிய இசையில் அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பது என்கிற 'ஒரு உலை' கருத்தை நற்கருணைக்கு விளக்கமாக்கினார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி 2014இல் வெளியிட்டார். நம் மொழியில் அப்பாவு பற்றி அந்த அளவுக்கு ஒரு நூல் வரவேண்டும்.

அப்பாவுவின் பலம் பறையைப் புனிதப்படுத்தியதில் இல்லை என்று நினைக்கிறேன். மெட்டை மாற்றலாம், சொல்லை மாற்றலாம், ஊருக்கு ஊர் வேறு மாதிரி பாடலாம் என்ற உரிமையை அவர் சபையாருக்குக் கொடுத்தார். அந்த உரிமையை வைத்துப் பார்த்தால் கேஸட்டும் கீபோர்டும் அவருடைய வாதத்துக்கு முழு எதிரிகள் என்று சொல்லமுடியாது. கேஸட்டைக் கேட்டுப் பாடுகிறவர்கள் அப்படியே பாடுவதில்லை. சரணத்தை விழுங்கிவிடுவார்கள், வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், ஒரு பாட்டின் பல்லவியை இன்னொன்றில் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். மறுபுறம், கீபோர்டு கொண்டுவந்த சமத்துவம் மறதியை விலையாகக் கேட்டது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. மதம் மாறினால் சாதி உரிந்து விழுந்துவிடும் என்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை நம்பியது. தலித் கிறித்தவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நின்றார்கள். தோலே இல்லாத மனிதன் என்கிற கற்பனையை அரசு சட்டமாக எழுதியது என்றால், அதையே ஆல்பம் இசையாக எழுதியது எனலாம்.

ஏலகிரி மேலே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சபையின் இளைஞர் முகாம் நடந்துகொண்டிருக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். வேனில் கட்டிய கீபோர்டும் ஸ்பீக்கரும் சங்க இலக்கியம் முழுவதையும் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தனாவூர்ப் பக்கம் அப்படி ஒரு முகாமில் சொந்தக்காரப் பையன் வாசிக்கிறான் என்று போயிருந்தேன். முதல் பாட்டு மெதுவாக, கிட்டத்தட்ட ஆங்கில இண்டி ராக் போல, பஞ்சுபோன்ற ஸிந்த் ஒலியோடு. இரண்டாவதும் அப்படியே. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதில் பேட் வாசிக்கிற பையன் ஆறெட்டுக்கு மாறினான். அவ்வளவுதான், கூடாரமே குதித்தது. எனக்கு அந்த அடி தெரியும். எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் திருப்பத்தில் நின்று ஆடும்போது அடிக்கிற அடி, ஒரு மாத்திரை கூடப் பிசகாமல். முடிந்ததும் அவனிடம் கேட்டேன். 'அது டப்பாங்குத்துண்ணே, பேட்ல நானே செட் பண்ணது' என்றான். பறை என்று நான் சொன்னதும் சுற்றிமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். 'சத்தமா சொல்லாதீங்க, பாஸ்டர் கேட்டா கட் பண்ணிடுவாரு.'

தோல் போய்விட்டது, அடி போகவில்லை. ஆக்டாபேட் என்று ரோலண்ட் கம்பெனி 1985இல் கொண்டுவந்த பெட்டியில் எட்டுச் சதுரங்கள், எல்லாம் ரப்பர். குச்சியால் அடித்தால் எந்த ஒலி வேண்டுமானாலும் வரும். மெல்லிசைக் குழுவிலிருந்து சபைக்கு வந்த அது, நடைமுறையில் தீட்டுக் கழித்த தோல்தான். இதற்கு நேரெதிரான காட்சி கர்நாடக இசையில் இருக்கிறது. அங்கே தோலை விலக்க முடியாது, மிருதங்கம் மாட்டுத் தோல் இல்லாமல் பேசாது. ஆகவே தோலை வைத்துக்கொண்டு தோலைச் செய்தவனை விலக்கினார்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் முழுவதும் அதுதான். தஞ்சாவூரில் மிருதங்கம் கட்டிய செபாஸ்டியன், அவர் மகன் பர்லாந்து ஆகியோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் பர்லாந்தின் கை வேலை. மேடையில் ஐயர், பட்டறையில் பர்லாந்து. அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. ஞாயிற்றுக்கிழமை பர்லாந்து போன சர்ச்சில் எந்த வாத்தியம் ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் கட்டியதாக இருந்திருக்காது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, கிதார், டிரம்ஸ், ராப் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. பெயரே அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது. பறையும் மின்சார வாத்தியமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதைச் சபைக்கு வெளியே அவர்கள் காட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கிறித்தவப் பையன்கள் அந்தப் பாட்டுகளை மொபைலில் கேட்கிறார்கள், சபையில் வாசிப்பதில்லை. ஒரு சபையில் பண்டிகை ஊர்வலத்துக்குப் பறையாட்டக் குழுவைக் கூப்பிடலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது, கமிட்டிப் பெரியவர் ஒருவர், 'ரோட்ல வேணா அடிக்கட்டும், காம்பவுண்டுக்குள்ள வேணாம்' என்றார். அவரும் காலனிக்காரர்தான். அவர் அப்பாவும் மேளம் அடித்தவர்தான். அவர் சொன்னதை வெறும் சுயவெறுப்பு என்று சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காம்பவுண்டுச் சுவர்தான் அவர் வாழ்க்கையில் ஊர் தாண்டிவராத முதல் எல்லை.

இப்போது கேஸட் இல்லை, 'வால்யூம் 1' என்று போடுவதும் இல்லை. வீட்டு அறையில் லேப்டாப்பில் ஆல்பம் தயாராகி யூடியூபுக்குப் போகிறது. புதிய பேடுகளில் வெளி ஒலியைப் பதிந்து ஏற்றிக்கொள்ளலாம். அந்த முகாமில் பார்த்த பையன் போன வருஷம் தன் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அப்படித்தான் செய்தான். தெருவில் பறை அடிக்கிற பெரியப்பா முறையுள்ள ஒருவரை மாடிக்கு அழைத்துவந்து, நான்கு அடிகளைத் தனித்தனியாக மொபைலில் பதிந்துகொண்டான். மேல்தோல் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, சிம்புக்குச்சியால் ஒன்று, இரண்டு குச்சியும் சேர்ந்து ஒன்று. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டில் அந்த அடி துல்லியமாகக் கேட்கிறது, ஸிந்தசைஸரின் புகைக்கு அடியில் நெருப்பு மாதிரி. வீடியோவின் கடைசியில் பெயர்கள் வருகின்றன: கீபோர்டு, கிதார், பேக்கிங் குரல், ரிதம் புரோகிராமிங். ரிதம் புரோகிராமிங்குக்கு நேரே பையன் பெயர் மட்டும் இருக்கிறது. பெரியப்பா பேரை ஏன் போடவில்லை என்று கேட்டேன். 'அவரே வேணாம்னுட்டாருண்ணே' என்றான்.